தேவனூர் நாட்டுக்கு ஒன்பது நடை

செய்தி வந்தபோது நான் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தேன். செம்மேட்டில் அந்த மாதத்தில் காலையில் இரண்டு மணி நேரம் வெயில் கிடைத்தால் பெரிய விஷயம். அவசர அவசரமாகச் சாக்கை விரித்துக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது. சாரின் மனைவி சரசக்கா. "சிஸ்டர், உங்க சார் போயிட்டாருங்க" என்றார். முப்பது வருடங்களுக்கு மேல் செவிலியராக இருந்தவள் நான். எத்தனையோ வீட்டாரிடம் இதே செய்தியை என் வாயால் சொல்லியிருக்கிறேன். அப்படியிருந்தும், "பிபி எவ்வளவு இருந்துச்சுக்கா? காலைல மாத்திரை போட்டாரா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. விரித்த சாக்கின் மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

நூலகர் செல்லமுத்து சாரை உங்களில் பெரும்பாலோருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நம் வட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். புளியஞ்சோலைக்குப் பக்கத்து ஊர்க்காரர். மலைக்குக் கீழே ஒரு மருத்துவக் கல்லூரியின் நூலகத்தில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் காசிக்குப் போவார்கள். இவர் மலையேறி வந்து, பைல் நாட்டு விவசாயி ஒருவர் கொடுத்த பழைய ஓட்டு வீட்டில் இரண்டு அறையில் ஒரு மருத்துவ அருங்காட்சியகமும், ஒரு அலமாரி நூலகமும், மாதம் ஒருமுறை கூடும் நம் மருத்துவ வரலாற்று வட்டமும் தொடங்கினார். இந்த மலையில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த பகுதி. வெள்ளிக்கிழமை மலைக்கு வருவார், திங்கட்கிழமை இறங்குவார். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. போன மாதம் இரங்கல் கூட்டத்தில் அவரைப் பற்றி ஒரு விஷயம் தவறாகப் பேசப்பட்டது. அதைத் திருத்த வேண்டிய ஆள் நான் ஒருத்திதான். அன்று நான் வாயைத் திறக்கவில்லை.

முதலில் அவரைப் பார்த்த நாளைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் மலையில் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தேன். புறநோயாளிகள் எல்லாம் போன பிறகு ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் மஞ்சப் பை. "ஏனுங்க சிஸ்டர், இங்க உடைஞ்சு போனது, ஓரங்கட்டுனது ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றார். வழக்கமாக வரும் பழைய இரும்புக்காரருக்குப் பதிலாக வந்த புது ஆள் என்று நினைத்து, "வழக்கமா வரவரு என்னானாரு?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் கிட்டத்தட்ட அந்தத் தொழில்தானுங்க. ஆனா எடை போட மாட்டேன்" என்றார்.

கண்ணாடி சிரிஞ்சுகளைப் போட்டுக் கொதிக்கவைக்கும் எவர்சில்வர் பெட்டி ஒன்று ஸ்டோர் ரூமில் துருவேறிய கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதானே? இல்லை. உட்கார்ந்துகொண்டு கேள்வி மேல் கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கொதிக்கவைத்தீர்கள், விறகா ஸ்டவ்வா, பிள்ளைகள் ஊசியைப் பார்த்து அழுதார்களா, இல்லை பெட்டியைத் திறக்கும் சத்தத்துக்கே அழுதார்களா. பெட்டியின் சத்தத்துக்குத்தான் என்று சொன்னேன். அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். "மருந்தெல்லாம் மாறிப்போச்சுங்க சிஸ்டர். நோவு வந்தா மனுசன் படுற பயம் மாறல. நாம சேத்து வெக்கிறது அந்தப் பயத்தத்தானுங்க" என்றார். எனக்கு வேலை கிடந்தது, எரிச்சலாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவருடைய அறையில் தூசி தட்டிக்கொண்டிருந்தேன்.

அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறதே ஒரு கதவு, அது வந்த விதம் பலருக்குத் தெரியாது. மலேரியா அலுவலர்கள் வீடு வீடாக வந்து காய்ச்சல் விசாரித்த காலத்தில், வந்துபோனதற்கு அடையாளமாக வாசலில் தேதியும் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு வீட்டில் அப்படிப் போட்ட கதவு அப்படியே இருந்தது. சார் அதைப் பார்த்துவிட்டு மூன்று மாதம் அந்த வீட்டுக்கு அலைந்தார். "கதவக் குடுத்துட்டு ஊட்டுக்கு என்னத்த மாட்றதுங்க, சேலையவா?" என்று அந்த வீட்டம்மா கேட்டார். நியாயமான கேள்வி. சார் கீழேயிருந்து புதுக் கதவு செய்து லாரியில் ஏற்றி வந்தார். அளவு சரியாக இல்லை. நாள் முழுக்க இழைப்புளி பிடித்துச் சீவி, கையெல்லாம் கொப்புளத்தோடு மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பழையதை வாங்கினார். இப்போதும் அந்தப் புதுக் கதவு மழைக்காலத்தில் சாத்த வராது என்று அந்த அம்மா என்னிடம் புகார் சொல்வதுண்டு.

நூலகராக இருந்ததால் புத்தகத்தில் யாராவது பென்சில் வைத்தால் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். உறுப்பினர் ஒருவர் பக்கத்தை மடித்து வைத்ததற்காக ஒரு மாதம் புத்தகம் தர மறுத்தவர். அப்படிப்பட்டவர் ஒருநாள் தானே பென்சிலை எடுத்தார். வட்டத்தின் கூட்டத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் அறிக்கையை எங்களுக்குத் தமிழில் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மைத் தடுப்பூசி குத்துகிறவர்களைக் கண்டதும் மலைவாசிகள் பயந்து காட்டுக்குள் ஓடிவிட்டதாக அதில் இருந்தது. கடைசி பெஞ்சில் இருந்த வெள்ளையம்மா எழுந்தார். எண்பது வயதிருக்கும். "ஓடலீங்க. அது சாமை அறுக்கிற மாசம். ஊடு பூட்டிக் கெடக்காம என்ன செய்யும்? அல்லாரும் காட்டுலதான் இருந்திருப்போம். அவுங்க பொழுதறிஞ்சு வரோணும்" என்றார். கூட்டம் சிரித்தது. சார் சிரிக்கவில்லை. பென்சில் கேட்டு வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில் வெள்ளையம்மாவின் பெயரைப் போட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதினார். "இத்தன வருசமா இந்தப் பக்கத்துக்குப் பதில் சொல்ல ஆளில்லாம இருந்துச்சுங்க" என்றார்.

எனக்கும் அவருக்கும் சண்டை வராத வாரமே இல்லை. பொருள்களுக்கு அவர் எழுதும் குறிப்பு அட்டைகள் நீளம். ஒரு குவினைன் புட்டிக்கு ஒன்றரைப் பக்கம். சுருக்குங்கள் சார், யார் நின்று படிப்பார்கள் என்று கத்துவேன். "நிக்கட்டுமுங்க. கால் வலிச்சா பெஞ்சு கெடக்குது" என்பார். சுருக்கவே மாட்டார். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு என்னோடு இப்படிச் சரிக்குச் சரியாகச் சண்டை போட்ட மனிதர் அவர் ஒருவர்தான்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இரங்கல் கூட்டத்தில் நம் செயலாளர் பேசும்போது, "சாருக்கு ஆர்வம் அதிகம். ஒரு தடவை கோயிலில் வேண்டுதலுக்கு வைத்த மண் உருவாரங்களையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், அதனால் ஒரு நாடே நம்மோடு பேச்சை நிறுத்திக்கொண்டது" என்றார். பெரியவர்களின் குறும்பைச் சொல்வது மாதிரி அன்போடுதான் சொன்னார். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அன்று சாப்பிட முடியவில்லை.

உருவாரங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது செல்லமுத்து சார் அல்ல. நான்.

ஓய்வு பெறுவதற்கு எனக்கு இன்னும் எட்டு வருடங்கள் இருந்த சமயம். அதற்கு முந்தைய மாதக் கூட்டத்தில், நோய் தீர்ந்ததற்காகக் கோயில்களில் செலுத்தும் கை கால் உருவங்களை வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் மருத்துவ வரலாறாக வைத்திருப்பதைப் பற்றி சார் பேசியிருந்தார். எனக்கு அது தலைக்கேறிவிட்டது. தேவனூர் நாட்டுக்குத் தடுப்பூசி போடப் போன ஒரு நாள், அங்கே சோலைக்குள் இருக்கும் காட்டுக் கோயிலுக்குப் போனேன். மரத்தடியெங்கும் மண் உருவாரங்கள். கால், கை, கண், தொட்டில் பிள்ளை, ஒரு பெண்ணின் மார்பு. எந்தக் காலத்தில் எந்த நோய் இந்த மலையைப் படுத்தியது என்று ஆஸ்பத்திரிப் பதிவேட்டைவிட நன்றாகச் சொல்லும் சாமான்கள், இப்படி மழையில் கரைகிறதே என்று மனசு பதறியது. செருப்பைச் சோலைக்கு வெளியே கழற்றிப் போட்டேன், சாமி கும்பிட்டேன், மரியாதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது உருவாரங்களைச் சிமெண்டுச் சாக்கில் போட்டு ஜீப்பில் ஏற்றிவிட்டேன். நான் மலைக்குக் கீழே பிறந்த கீழ்நாட்டுக்காரி. கேட்டிருந்தால் பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்களே சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மேஜையில் வரிசையாக அடுக்கிவைத்து, சார் பாராட்டுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்தார். "எங்கிருந்துங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "சிஸ்டர், இது காணிக்கை இல்லீங்க. நோவ எறக்கி வெச்ச எடம். மண்ணு மண்ணோட கரையோணும். அதுவரைக்கும் ஆரும் தொடக்கூடாது" என்றார். உடனே சாக்கை எடுக்கச் சொன்னார். அதற்குள் கூட்டத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி தேவனூர் நாட்டுப் பூங்கொடி. முழங்காலுக்குக் கீழே மூன்று கோடு கீறிய கால் ஒன்றைப் பார்த்துவிட்டு, "இது எங்க மாமனோடதுங்க" என்றாள். திரும்பி நடந்துவிட்டாள்.

அவளுடைய மாமன் சடையன் மிளகு பறிக்க மரமேறி விழுந்து கால் எலும்பு மூன்று இடத்தில் முறிந்தவர். மாவுக்கட்டு பிரித்த பிறகு புண்ணுக்குக் கட்டுப் போட்டது நான்தான். பிழைத்து நடந்ததும் அந்த மூன்று முறிவையும் கீறச் சொல்லி, கால் செய்து வைத்திருக்கிறார். சாயங்காலம் அவரும் ஊர்ப் பெரியவர்களும் வந்தார்கள். அடிக்க வரவில்லை. திட்டவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. சடையன் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்து, "எங்கால்ல இருந்த நோவ அங்க கொண்டுபோயி எறக்கி வெச்சிருந்தனுங்க. அத ஏனுங்க தூக்கியாந்தீங்க? மூணு நாளா நடக்க முடியல" என்றார்.

நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சார் எனக்கு முன்னால் வந்து நின்றார். "நாந்தானுங்க எடுத்தாந்தேன். தெரியாம செஞ்சுட்டேன். தப்புதானுங்க" என்றார். திரும்பி என்னைப் பார்த்து, "சிஸ்டர், வந்தவங்களுக்கு டீ வையுங்க" என்றார். நான் உள்ளே போனேன். ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டு அங்கேயே நின்றேன். அவர்கள் டீயைக் குடிக்கவில்லை.

பெரியவர்கள் பேசி முடிவு சொன்னார்கள். எடுத்த ஒன்பதும் எடுத்த இடத்துக்கே போகவேண்டும். வண்டி கூடாது, செருப்புக் கூடாது, ஒரு நடைக்கு ஒன்றுதான். எல்லாம் வைத்து முடிந்த பிறகு அந்த ஆள் அந்த நாட்டு மண்ணில் கால் வைக்கக்கூடாது. சார் சரி என்று கைகூப்பினார். எது எங்கே இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஓபி சீட்டின் பின்பக்கத்தில் நான் படம் போட்டுக் கொடுத்தேன். கண் உருவாரம் ஒன்றை எங்கே எடுத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. அதற்குக் கோயில் பூசாரியின் காலில் விழுந்து இடம் கேட்டிருக்கிறார். மழைக்காலம். பாதையெல்லாம் ரத்தம் உறிஞ்சும் அட்டை. அறுபத்தைந்து வயது மனிதர், ஒரு நாளைக்கு ஒரு நடை, ஒன்பது நாள் வெறுங்காலோடு நடந்தார்.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். உள்ளங்கால் இரண்டும் பிய்ந்துபோயிருந்தன. கழுவி மருந்து போட்டுக்கொண்டே அழுதேன். நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். காலை இழுத்துக்கொண்டார். அவர் கோபமாகப் பேசி நான் கேட்டது அன்று ஒருமுறைதான். "புத்தியோட பேசுங்க சிஸ்டர். எம்மேல கோவம்னா மியூசியத்துக்கு வரமாட்டாங்க. போனாப் போகுது. உங்கமேல கோவம்னா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாங்க. அப்புறம் அங்க ஒரு புள்ளத்தாச்சிக்கு ஒண்ணுன்னா ஆரு பதில் சொல்றது?" என்றார். நான் அவர் காலைத் திரும்ப இழுத்துவைத்துக் கட்டுப் போட்டேன்.

அடுத்த வருடம் பூங்கொடியே பிரசவத்துக்கு வந்தாள். ஷேர் ஜீப்பில், உதிரப்போக்கோடு, கண் சொருகிய நிலையில். "உங்கள நம்பித்தான் எறங்கி வந்தமுங்க சிஸ்டர்" என்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சாரிடம் போய்ச் சொன்னேன். குறிப்பு அட்டை எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அப்ப சரிங்க" என்றார். மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு அது சின்ன இழப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வட்டத்திலிருந்து அதன் பிறகு ஒருமுறை நாம் தேவனூர் நாட்டுக்குப் போனோம், நினைவிருக்கிறதா? பழைய அம்மை முகாம் நடந்த கட்டடத்தைப் பார்க்க. பயணத்துக்கு ஏற்பாடு செய்ததே அவர்தான். எல்லையில் வேனை நிறுத்தி இறங்கிக்கொண்டார். கால் வலி என்று உங்களிடம் சொன்னார். மூன்று மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்து, திரும்பி வந்ததும் ஒவ்வொருவரிடமும் ஜன்னல் எத்தனை, சுவரில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதினார்.

நான் ஓய்வு பெற்று மூன்று வருடங்கள் ஆகின்றன. அதன் பிறகாவது சொல்லியிருக்கலாம். என்னை நம்பி வர நோயாளி யாரும் இல்லை; மறைக்கக் காரணமும் இல்லை. சாரிடம் கேட்டால், "பழசக் கெளறாதீங்க" என்பார். அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். நிஜம் என்னவென்றால் எனக்கு வெட்கம். மலையில் எனக்கு இருந்த நல்ல பெயரை விட மனமில்லை.

இரங்கல் கூட்டத்துக்கு அடுத்த வாரம் தேவனூர் நாட்டுக்குப் போனேன். சடையன் மரவள்ளிக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் நொண்டுகிறார். "வாங்க சிஸ்டர், டீ குடிக்கிறீங்களா?" என்றார். வேண்டாம், முதலில் இதைக் கேளுங்கள் என்று வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நான் எடுத்தது, அவர் ஏற்றது, ஏன் ஏற்றார் என்பது. பூங்கொடியும் இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மகன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மண்ணைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தான். சடையன் கையிலிருந்த குச்சியை நட்டு முடித்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா நாங்க ஆசுபத்திரிக்கு வந்திருக்க மாட்டோமுங்க. அது நெசந்தான்" என்றார். பிறகு, "அந்த மனுசன் சாவுக்கு எங்க நாட்டுலருந்து ஒருத்தரும் போகலீங்களே" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து, பேசிவைத்தபடி, நான் பஸ்ஸில் மலையைச் சுற்றிக்கொண்டு சாரின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, தேவனூர் நாட்டுக்காரர்கள் காட்டு வழியாக இறங்கி எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். துக்கம் கேட்க வந்தவர்கள் உள்ளே போகாமல் எனக்காகக் காத்திருந்தார்கள். சரசக்கா வெளியே வந்து, "ஆருங்க சிஸ்டர் இவங்கெல்லாம்?" என்று என்னைக் கேட்டார்.

சடையன்தான் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "உங்க ஊட்டுக்காரரு கூடச் சண்டக்காரங்கம்மா நாங்க. ஆள் மாத்திச் சண்ட போட்டுட்டமுங்க. மாப்பு கேக்க வந்தோம்."

அக்காவுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "கால் ஏன் இப்பிடி ஆச்சுன்னு கேட்டதுக்கு மலையில செருப்பு அறுந்துபோச்சுன்னாரு. நான் நம்பி புதுச் செருப்பு வாங்கிக் குடுத்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையானது. தேவனூர் நாட்டுப் பெண்கள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

சாருடைய நினைவாக யாருக்கு என்ன வேண்டும் என்று அக்கா நம் வட்டத்தில் கேட்டிருக்கிறார். எனக்குப் பொருள் எதுவும் வேண்டாம். தேவனூர் நாட்டுப் பெண்கள் என்னை நம்பி இறங்கி வந்த அந்த எட்டு வருடங்களை நான் வைத்துக்கொள்கிறேன். அவை என் திறமைக்குக் கிடைத்தவை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். தன் பெயரைக் கொடுத்து அவர் எனக்கு வாங்கித் தந்தவை அவை. அவற்றைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழியில்லை. பெயரையாவது கொடுத்துவிடுகிறேன். உங்கள் எல்லாருக்கும் தெரியட்டும்: உருவாரங்களை எடுத்தது நான். கொண்டுபோய் வைத்தது செல்லமுத்து சார்.